எறங்காத ஆயில்

ஊஞ்சப்பாளையத்தில் மாரியம்மன் தேருக்குக் கம்பம் நட்டிருந்த சமயத்தில், தேர் வீதியின் நட்டநடுவில், மாதேஸ்வரியின் பத்துச் சக்கர லாரி எஞ்சினில் மேலே ஏறின ஆயில் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. நடந்தது பட்டப்பகலில், பால் சொசைட்டியில் ஆட்கள் கேனும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது, ஊரே பார்க்க. ஆயில் ஏன் அப்படிச் செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுகிறவனை நம்பவும் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு ஊர் என்னென்ன ஆட்டம் ஆடியது என்பதுதான் எனக்குத் தெரியும், அதைத்தான் சொல்கிறேன்.

சங்ககிரிப் பக்கத்து ஊர்கள் எல்லாமே லாரியால் பிழைக்கிற ஊர்கள், வீட்டுக்கு ஒரு டிரைவர் இருப்பான், இல்லாவிட்டால் டயர்க் கடையாவது இருக்கும். மாதேஸ்வரி கீழ்வளவுக்காரி, ஊர் தள்ளி வைத்திருக்கிற சேரி அது. பைபாஸிலிருந்து கீழ்வளவுக்குப் போக வேண்டுமென்றால் தேர் வீதி வழியாகத்தான் போக வேண்டும், மறுபக்கம் வாய்க்கால். அந்த வீதியில் கீழ்வளவு ஆட்கள் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது, காலில் செருப்போடு நடக்கக் கூடாது. சைக்கிளோ மொபெட்டோ, சொசைட்டி முக்கு வந்ததும் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியை உருட்டிப் போய் அந்தக் கோடியில் ஏறிக்கொள்ள வேண்டும். சட்டமா என்றால், சட்டத்தில் இருப்பது இதற்கு நேர் எதிர். எங்காவது எழுதி வைத்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வழக்கம், அவ்வளவுதான்.

மாதேஸ்வரி ஹெவி லைசென்ஸ் எடுத்து, பழைய லாரி ஒன்றை வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்து சொசைட்டி முக்கில் நின்ற அன்றைக்கு ஊருக்குத் தலை சுற்றிவிட்டது. சைக்கிளை உருட்டலாம், லாரியை எப்படி உருட்டுவாள்? பெரியதனக்காரர் நாச்சிமுத்து வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றி மாற்றி யோசித்து, கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்: லாரி மேல் நமக்கொன்றும் கோபமில்லை, அது போகட்டும், இவள் மட்டும் முக்கில் இறங்கிவிட வேண்டும், வீதி முடிகிற வரைக்கும் ஊர்க்காரன் ஒருத்தன் ஓட்டுவான், இவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்து அந்தக் கோடியில் ஏறிக்கொள்ளட்டும். மினி பஸ் ஓட்டி ஓய்ந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணனை அதற்கென்றே ஏற்பாடு செய்தார்கள். ஸ்டீரிங் மாத்து என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். பொங்கியண்ணன் தோளில் துண்டு போட்டுக்கொண்டு, ஏதோ கோயில் மரியாதை வாங்கப் போகிறவர் மாதிரி லாரிக்கு வருவார்.

தாவணகெரே, கோலாப்பூர், நாக்பூர் என்று ஊர் ஊராகப் போய், மலைப்பாதையில் லோடோடு வண்டியைத் திருப்பி, செக்போஸ்டில் வாயாடி, தூக்கத்தை டீயில் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறவள், சொந்த ஊர் வீதியில் சொந்த லாரியின் புகையைக் குடித்துக்கொண்டு வெறுங்காலோடு பின்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து புலம்புவாள். மூட்டை இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த அவள் புருஷன் சடையன், போனாப் போகுது விடு, வீதி என்ன மைல் கணக்கிலா இருக்குது என்பான். வீதி சின்னதுதான். இத்தனை சின்ன வீதிக்கு இவ்வளவு பெரிய லாரியை விட்டு இறங்குகிறோமே என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அன்றைக்கு அவள் ஏற்றிக்கொண்டு வந்தது மக்காச்சோளம், அதுவும் நாச்சிமுத்துவின் கோழிப்பண்ணைக்கே. சோளத்துக்குத் தீட்டுக் கிடையாது, கோழிக்கும் கிடையாது, ஓட்டிக்கொண்டு வந்த கைக்குத்தான். வழக்கம்போல முக்கில் நிறுத்தி இறங்கினாள், வழக்கம்போலப் பொங்கியண்ணன் ஏறினார். தேர் நிற்கிற கொட்டகைக்கு நேரெதிரே வரும்போது ஆயில் பிரஷர் லைட் சிவப்பாக எரிந்து அலாரம் கத்த, அவர் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்திவிட்டார். மாதேஸ்வரி ஓடி வந்து, முன் கிரில்லைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தாள். குச்சி உலர்ந்திருந்தது. காலையில் தொப்பூர் தாண்டி டீக்கு நிறுத்தியபோது இதே குச்சியில் மேல் கோடு வரைக்கும் ஆயில் இருந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை.

பைபாஸில் ஷெட் வைத்திருந்த சுக்கூர் பாய்க்கு ஆள் போனது. சத்தத்தைக் கேட்டே எந்த போல்ட் லூசென்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற மனுஷன், பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார், ஆனால் சரியாகிற வரைக்கும் விடமாட்டார். அவர் வந்து கேபினை முன்னால் சாய்த்து, எஞ்சின் உச்சியை மூடியிருக்கிற டேப்பட் கவரைக் கழற்றினார். அங்கே இருந்தது முழு ஆயிலும். விளிம்போடு நிற்காமல், கோபுரமாக அளந்த படி அரிசி மாதிரி விளிம்புக்கு மேலே குவிந்து, வழியாமல், கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு இருந்தது.

பாய்க்கு அது ஒன்றும் புதுசாகத் தெரியவில்லை. ரிட்டர்ன் அடைப்பு என்றார். பம்பு ஆயிலை மேலே தள்ளும், மேலே டேப்பட்டையெல்லாம் நனைத்துவிட்டு அது ஹெட்டில் இருக்கிற ஓட்டைகள் வழியாகக் கீழே ஆயில் தங்குகிற சேம்பருக்கு இறங்கும், அந்த ஓட்டைகளில் கசடு அடைத்திருக்கிறது என்று சொல்லி, கம்பியை விட்டுக் குடைந்தார். கம்பி சுத்தமாக இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது, ஆயில் அசையவில்லை. அப்படியானால் கீழே காற்று அடைத்துக்கொண்டு ஆயிலை இறங்க விடாமல் தூக்குகிறது, காற்றை வெளியே விடுகிற பிரீதர் அடைப்பு என்றார். பிரீதரைக் கழற்றி ஊதினார், அது புல்லாங்குழல் மாதிரி சுத்தமாக இருந்தது. டர்போவிலிருந்து இறங்குகிற பைப் மடங்கியிருக்கும் என்றார், மடங்கவில்லை. போனமுறை கேஸ்கட்டை எவனோ திருப்பி வைத்து ஓட்டையை மூடியிருக்கிறான் என்று இல்லாத ஒருத்தனைத் திட்டிக்கொண்டே ஹெட்டைக் கழற்றினார், கேஸ்கட் சரியாகத்தான் இருந்தது, அதை வைத்தவரே அவர்தான் என்று மாதேஸ்வரி ஞாபகப்படுத்தினாள். மேலே ஒரு கேன் புது ஆயில் ஊற்றிப் பார்த்தார், அதுவும் பழசோடு சேர்ந்து மேலேயே நின்றுகொண்டது. கடைசியில் சடையனையும் இன்னும் மூன்று பேரையும் பிடிக்கச் சொல்லி, ஹெட்டைத் தூக்கித் தட்டின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு பொட்டு விழவில்லை. நால்வரும் கை வலிக்கிறது என்று சொல்கிற வரைக்கும் பாய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாய் கையைத் துடைத்துக்கொண்டு வீல் பக்கத்தில் உட்கார்ந்து, மாதேஸ்வரியிடம் சொன்னார்: “ஏத்தறதுக்குத்தான் தங்கச்சி எஞ்சின்ல பம்பு இருக்கு. எறக்கறதுக்குன்னு ஒரு பார்ட்டும் கிடையாது. தன்னால எறங்கிரும்னு நம்பித்தான் எஞ்சினையே கட்டியிருக்கான். அது மாட்டேன்னு சொன்னா நான் எதைக் கழட்டிச் சரி பண்றது?”

அவர் ஆயிலைப் பற்றித்தான் சொன்னார், பாவம், அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. ஆனால் மாதேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் சொசைட்டி முக்கில் அவளை யாரும் கையைப் பிடித்து இழுத்ததில்லை. கம்பு எடுத்துக்கொண்டு ஒருத்தனும் நின்றதில்லை. அவளாகவே பிரேக் போட்டாள், அவளாகவே சாவியை அணைத்தாள், அவளாகவே இறங்கினாள், இவள் தன்னால் இறங்கிவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் அந்த வீதியையே கட்டியிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, அதற்குப் பதிலாகக் கோபம் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

கேபின் முன்னால் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து, லாரியே நம் வீதிக்குத் தலை குனிந்து நிற்கிறது பார் என்று நாச்சிமுத்துவின் திண்ணைக் கூட்டாளிகள் சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்தது. முதலில் கேபினை நிமிர்த்துங்க பாய், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றாள். பாய் ஹெட்டைப் பழையபடி பூட்டி, கேபினை நிமிர்த்தினார். நிமிர்த்தியதும் அவள் ஏறி உள்ளே உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றவில்லை. எறங்கு என்று சொல்லி அனுப்பினார் நாச்சிமுத்து. வழக்கத்தில் உட்கார்ந்து போகக் கூடாது என்றுதானே இருக்கிறது, நான் எங்கே போகிறேன், வண்டிதான் நிற்கிறதே என்று சொல்லி அனுப்பினாள் இவள். ஊர் அன்று சாயங்காலம் முழுக்க அதை யோசித்தது, யோசித்ததில் அவள் சொல்வது சரி என்று வந்துவிட்டதால் எல்லோருக்கும் எரிச்சலாகிவிட்டது.

மறுநாளிலிருந்து ஆயிலை ஊர் தன் வீட்டு விஷயமாக எடுத்துக்கொண்டது. முதலில் செக்கு வைத்திருக்கிறவர் தன் நல்லெண்ணெயைக் கொண்டுவந்து லாரிக்குப் பக்கத்திலேயே ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்கு ஊற்றிப் பார்த்து, இறங்குகிறது, என் எண்ணெய்க்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகப் போனார். அம்மன் விளக்கெண்ணெயும் இறங்கியது, மேல்தொட்டித் தண்ணீரும் குழாயில் இறங்கியது, இந்த ஒரு லாரியின் ஆயில்தான் இறங்கவில்லை என்று ஊர் முழுக்கச் சோதித்து முடிவுக்கு வந்த பிறகு, அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். குடலிறக்கம் இருந்தவர்கள் வந்து பம்பரைத் தொட்டு வயிற்றில் ஒற்றிக்கொண்டார்கள். போர்வெல்லில் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது என்று புலம்பிய தோட்டக்காரர்கள் மோட்டார் சாவியைக் கொண்டுவந்து டயர் மேல் வைத்து எடுத்துப்போனார்கள். கோழிப்பண்ணைக்காரர்கள், முட்டை விலை இறங்கக் கூடாது என்று வேண்டி, காலையில் ஒரு தரம் சாயங்காலம் ஒரு தரம் கற்பூரம் கொளுத்தினார்கள். மாசமாக இருந்த பெண்களை அந்த வீதிப் பக்கமே விடவில்லை, காய்ச்சல்காரர்களையும் சுற்று வழியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டவுன் பஸ் கண்டக்டர் சொசைட்டி முக்கில் எறங்கு என்று கத்துவதை விட்டுவிட்டு, வந்தாச்சு வந்தாச்சு என்று கத்த ஆரம்பித்தார். மேலே கேபினில் உட்கார்ந்துகொண்டு மாதேஸ்வரி இத்தனையையும் பார்த்துச் சிரித்தாள், கீழ்வளவிலிருந்து வந்த சாப்பாட்டை அங்கேயே வைத்துச் சாப்பிட்டாள், கை கழுவின தண்ணீரை ஜன்னல் வழியாகத் தேர் வீதியிலேயே ஊற்றினாள்.

தேருக்கு நாள் நெருங்க நெருங்க நாச்சிமுத்துக்கு வெற்றிலை இறங்கவில்லை. தேர்க் கொட்டகையை அடைத்துக்கொண்டு லாரி நிற்கிறது, அது நகராமல் தேர் வெளியே வராது. போலீஸைக் கூப்பிடலாம் என்றான் ஒருத்தன், வந்தால் அவள் லாரியைப் பொங்கியண்ணன் ஏன் ஓட்டினார் என்பதுதான் முதல் கேள்வி என்று இன்னொருத்தன் சொல்ல, அந்தப் பேச்சு அதோடு நின்றது. ரெக்கவரி வண்டியை வரவழைத்தார்கள். அந்த டிரைவர் வந்து பார்த்தான், கேபினில் மாதேஸ்வரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான், கொக்கியை எடுக்கவே இல்லை. டிரைவர் உள்ளே இருக்கும்போது அவங்க வாயால் சொல்லாமல் கொக்கி போட்டால் நாளைக்கு எந்த ரோட்டிலும் ஒரு லாரிக்காரன் எனக்கு வழி விட மாட்டானுங்க என்று சொல்லிவிட்டு, அவளிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். சரி, சோளத்தையாவது இறக்குங்கள், லாரி லேசானதும் ஆள் போட்டுத் தள்ளிக்கொள்ளலாம் என்று சடையனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். போனாப் போகுது விடு என்று பொழுதன்னைக்கும் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சடையன், தலையைச் சொறிந்துகொண்டு, நடு வீதியில் மூட்டை எறக்கற வழக்கம் எங்களுக்கு இல்லீங்களே என்றான். வழக்கம் என்ற வார்த்தையை அவன் சொன்ன விதத்தில் நாச்சிமுத்துக்குக் காது சிவந்துவிட்டது. மாதேஸ்வரி கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை அவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை.

தேரன்று காலையில் வடம் வந்துவிட்டது, ஜோடித்த அம்மன் காத்திருக்கிறாள், தப்பட்டை அடிக்கிறவர்கள் கீழ்வளவிலிருந்து வந்து முக்கில் செருப்பைக் கழற்றி நிற்கிறார்கள். நாச்சிமுத்து முதல் தடவையாக அவராகவே லாரிக்கிட்டே வந்து, அண்ணாந்து பார்த்துப் பேசினார். மேலே உட்கார்ந்திருக்கிறவளிடம் அண்ணாந்துதான் பேச வேண்டியிருந்தது. இவள் கை பட்டால்தான் இந்த வண்டி கிளம்பும் என்று அதற்குள் ஊரே பேச ஆரம்பித்திருந்தது.

“சரி மாதேசு, நீ எறங்க வேண்டாம். நீயே ஓட்டிக்கிட்டுப் போ. இன்னைக்கு மட்டுமில்லை, எப்பவுமே. உனக்கு மட்டும் ஊர் விட்டுக் குடுக்குது.”

பொய் சொல்வானேன், இதற்குத்தானே அவள் இத்தனை காலமும் ஆசைப்பட்டாள். சாவியைத் திருப்பினாள். சிவப்பு லைட் ஒரு தரம் எரிந்து அணைந்தது, கீழே சேம்பரில் ஒரு சொட்டு இல்லாத எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடியது, பாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஊர் பெருமூச்சு விட்டது. கியரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். லாரிக்குப் பின்னால் நடந்து வருவதற்காக, சடையனும் மூட்டை இறக்குகிறவர்களும் தப்பட்டைக்காரர்களும் அவளுக்குச் சோறு கொண்டுவந்த பெண்களும், சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு ஜோடிச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மாதேஸ்வரி எஞ்சினை அணைத்தாள்.

என்ன ஆச்சு, மறுபடியும் ஆயிலா என்று ஊர் பதறியது. ஆயில் இல்லை என்றாள். அவங்களும் ஏறட்டும், எல்லோரும் செருப்பைப் போட்டுக்கொண்டு லோடு மேல் ஏறட்டும், இன்றைக்கு மட்டுமில்லை, இனி சைக்கிளில் வந்தாலும் மொபெட்டில் வந்தாலும் யாரும் இறங்கப் போவதில்லை, சரியென்றால் வண்டியை எடுக்கிறேன் என்றாள். நாச்சிமுத்து, அதெல்லாம் வழக்கத்தில் இல்லை என்று ஆரம்பித்தார். அப்படியானால் வண்டி இங்கேயே நிற்கட்டும், எனக்கு இந்த இடம் பழகிவிட்டது, காற்று நன்றாக வருகிறது என்றாள். பெரியதனக்காரரிடம் பேசினால் கீழ்வளவு ஆட்கள் வரிக்கு வரி சேர்க்க வேண்டிய சாமி என்கிற வார்த்தை அவள் பேச்சில் இல்லாததை எல்லோரும் கவனித்தார்கள். தப்பட்டைக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு, தோளிலிருந்து தப்பட்டையைக் கழற்றிக் கீழே வைத்தார்கள். பொங்கியண்ணன் தோள் துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வெயில் ஏறியது, அம்மன் காத்திருந்தாள், வடத்தைப் பிடித்திருந்தவர்கள் கை மாற்றிப் பிடித்தார்கள், நாச்சிமுத்து ஒரு தரம் தேரைப் பார்த்தார், ஒரு தரம் லாரியைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார்.

“ஏறித் தொலைங்க,” என்றார்.

“தொலைங்கவெல்லாம் வேண்டாமுங்க,” என்றாள் மாதேஸ்வரி. “ஏறுங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

வாழ்நாள் முழுக்க எறங்கு என்றே சொல்லிப் பழகிய வாய் அது, சட்டென்று வரவில்லை. உதடு இரண்டு தரம் அசைந்தது, மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஏறுங்க.

ஏறினார்கள். செருப்பைத் தரையில் போட்டு, காலில் மாட்டி, டயரில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்து, ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்து, கிழவர்களைத் தூக்கிவிட்டு, சோள மூட்டைகளின் மேல் கீழ்வளவே ஏறி உட்கார்ந்தது. தப்பட்டையும் மேலேதான் அடித்தார்கள். மாதேஸ்வரி வேகமாக ஓட்டவில்லை, அந்தச் சின்ன வீதியை எவ்வளவு மெதுவாகக் கடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டு, ஹாரனை அழுத்திக்கொண்டு கடந்தாள். அவள் கடந்த பிறகுதான் தேர் கிளம்பியது.

பண்ணையில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது சுக்கூர் பாய் ஸ்கூட்டரில் துரத்திக்கொண்டு வந்து, கிரில்லைத் திறந்து குச்சியை உருவினார். உலர்ந்தே இருந்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை, தொழில்காரனுக்கு எப்படிப் பொறுக்கும். நாளைக்கு ஷெட்டில் விடு தங்கச்சி, இன்னொரு தரம் முழுசாகப் பிரித்து, எப்படியாவது எறக்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

“வேண்டாம் பாய்,” என்றாள் மாதேஸ்வரி. “அதுக்கா எறங்கணும்னு தோணுச்சுன்னா எறங்கட்டும். யாரும் எறக்க வேண்டாம்.”